மூக்கு மட்டும் வந்த அப்பா

மலையடிவாரக் காட்டில் நெடுமூக்கன், மைவிழி என்று ஓர் இருவாட்சிப் பறவைத் தம்பதி இருந்தது. கல்யாணம் ஆனபின் வந்த முதல் மாசி மாதம். முட்டையிட நல்ல பொந்து ஒன்று வேண்டும்.

ஓடைக்கரை மரத்தில் மழை புகாத பொந்து இருந்தது. அது மரநாயாருக்குச் சொந்தம். மரநாயார் பகலெல்லாம் கிளையில் படுத்துத் தூங்குவார். பொழுது சாய்ந்ததும் எழுந்து, வட்டியாக வந்த பழங்களைத் தின்பார். அதுதான் அவர் பார்த்த உத்தியோகம்.

"ஐயா, பொந்து என்ன விலை?" என்று கேட்டான் நெடுமூக்கன்.

"ஆயிரம் அத்திப்பழம்! மொத்தமாக இல்லையா? பரவாயில்லை! நாலு வருஷத் தவணையில் கொடு. வட்டி தனி. கடன் தீரும்வரை பொந்து என்னிடம் அடமானம். தவணை தவறினால் பொந்து எனக்கு!"

"முன்னாடியே அடைச்சுட்டா?"

மரநாயாரின் மீசை லேசாகத் துடித்தது. "அடைச்சா மீதி வட்டி கிடையாது. அது காட்டு வழக்கம். ஆனா எதுக்கப்பா அவசரம்? சின்ன வயசு! அனுபவி!"

வட்டி தின்கிறவரே அவசரம் வேண்டாம் என்றால், அவசரப்படுவதுதான் நல்லது. அது நெடுமூக்கனுக்கும் புரிந்தது. அடுத்த தை பிறக்குமுன் கடனை அடைத்துவிடுவது என்று சபதம் போட்டான்.

இதுவரை நல்ல புத்திதான். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் கோளாறு.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கீறல் மட்டும் விடும். குஞ்சுகள் வளரும்வரை ஆண் பறவைதான் அந்தக் கீறல் வழியே உணவு கொடுக்க வேண்டும். மைவிழியும் அப்படியே உள்ளே போய் அடைத்துக்கொண்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாயங்காலமானால் காட்டு இருவாட்சிகள் எல்லாம் பெரிய ஆலமரத்தில் கூடும். அந்தப் பறவைகளின் குரலே சிரிப்புதான். "க்கெக்கெக்கே!" என்று ஒன்று ஆரம்பித்தால் போதும், காடே அதிரும்.

நெடுமூக்கன் முதலில் ஆலமரத்துக்குப் போவதை நிறுத்தினான். "வெட்டிக் கதை! அந்த நேரத்தில் நாலு பழம் பொறுக்கலாம்!"

அடுத்துச் சிரிப்பதை நிறுத்தினான். "சிரித்தால் வாயிலிருக்கிற பழம் கீழே விழுந்துவிடும்!"

கடைசியில் மனைவியோடு பேசுவதையும் நிறுத்தினான். கீறல் வழியே மூக்கு உள்ளே வரும். பழத்தைப் போடும். போய்விடும். சிவந்த பழமெல்லாம் மரநாயாருக்கு, புளித்த பழம் வீட்டுக்கு.

"என்னங்க, நில்லுங்க! குஞ்சு பொரிச்சாச்சு! ரெண்டு!" என்றாள் மைவிழி.

"நல்லது! தவணைக்கு நேரமாச்சு!"

இன்னொரு நாள் கெஞ்சினாள். "சின்னது அப்படியே உங்க குரல்ல கத்துது. ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்களேன்!"

"கடன் முடியட்டும். உட்கார்ந்து நிதானமாக் கேட்கிறேன்!"

"அதுங்க உங்களை முழுசாப் பார்த்ததே இல்லைங்க! நாளைக்கு வெளியே வந்தா அப்பா யாருன்னே தெரியாமப் போயிடும். எனக்குப் பயமா இருக்கு!"

"பெத்த அப்பனைத் தெரியாமப் போகுமா? நல்லாப் பேசுறே போ!"

பறந்துவிட்டான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இத்தனை ஓட்டம் ஓடியும் கடன் அவன் நினைத்த வேகத்தில் குறையவில்லை. ஒரு மரத்துக்குப் போனால் காய், இன்னொரு மரத்துக்குப் போனால் வெறுங்கிளை. பழுத்த மரத்தைத் தேடுவதிலேயே பாதி நாள் போயிற்று. சிறகு வலித்ததுதான் மிச்சம்.

வைகாசி பிறந்தது. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. மைவிழி வாசல் பூச்சைப் பாதி கொத்தி உடைத்து வெளியே வந்து, எதிர்க் கிளையில் அமர்ந்து உடம்பை முறித்தாள். அந்த நேரம் பார்த்து நெடுமூக்கன் பழத்தோடு வந்து வாசலில் இறங்கினான்.

"அம்மா! திருடன்! திருடன்!" என்று அலறியது சின்னக் குஞ்சு. பெரியது பாய்ந்து அவன் நெற்றியில் ஒரு கொத்துக் கொத்தியது.

"ஐயோ! கொத்தாதீங்க! நான்தான் அப்பா!"

"பொய்! எங்க அப்பாவுக்கு உடம்பெல்லாம் கிடையாது! எங்க அப்பா வெறும் மூக்குதான்!"

நெடுமூக்கன் மனைவியைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் தன் பாட்டுக்குச் சிறகைக் கோதிக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள்!

வேறு வழியில்லை. வாசலில் உடையாமல் இருந்த பாதிப் பூச்சுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மிச்சமிருந்த கீறல் வழியே மூக்கை மட்டும் உள்ளே நீட்டினான்.

"அப்பா! அப்பா!" என்று இரண்டும் ஓடிவந்தன. பழத்தை வாங்கித் தின்றன. தின்று முடித்ததும் சின்னது அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கொடுத்தாச்சே! இன்னும் போகலையா?" என்று கேட்டது.

குஞ்சு கோபமாகக் கேட்கவில்லை. அதற்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான். நெடுமூக்கனுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்காகத்தானே பொந்து வாங்கினோம் என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டான்.

"இல்லை கண்ணு. இன்னிக்கு எங்கேயும் போகலை" என்றான்.

"போறோம்!" என்றாள் மைவிழி. "சாயங்காலம் எல்லாருமா ஆலமரத்துக்குப் போறோம்!"

"தவணை?"

"ஒரு சாயங்காலத்துல பொந்து ஒண்ணும் முழுகிடாது!"

குஞ்சுகள் விழுந்து எழுந்து பறந்து போய்ச் சேர்ந்தன. ஆலமரத்தில் இருந்த கிழட்டு இருவாட்சி வளைமூக்கர் நெடுமூக்கனைப் பார்த்ததும் கத்தினார். "அடடே! நீ உயிரோடதான் இருக்கியா? இத்தனை மாசமா எங்கேடா போனே?"

"பழம் தேடிக்கிட்டு இருந்தேன் மாமா. கிழக்குச் சரிவு பூரா அலைஞ்சுட்டேன்."

"கிழக்குச் சரிவா! அது சித்திரையிலேயே முடிஞ்சுபோச்சே! இப்போ பாறைமேட்டு அத்திதான் பழுத்துக் கொட்டுது. எந்த மரம் பழுத்தது, எது நாளைக்குப் பழுக்கும், தினமும் இங்கே உட்கார்ந்து வேற என்னத்தைப் பேசுறோம்?"

நெடுமூக்கன் திகைத்துப் போனான். வெட்டிக் கதை என்று அவன் ஒதுக்கிய இடத்தில்தான் அவனுக்கு வேண்டிய சேதி அத்தனையும் இருந்திருக்கிறது! ஊரோடு கூடிச் சிரித்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. தன் முட்டாள்தனத்தை நினைத்தான். அவனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"க்கெக்கெக்கே!"

"அப்பாவுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுதே!" என்று அதிசயப்பட்டது சின்னது.

மறுநாள் காலை நாலு பேரும் நேரே பாறைமேட்டுக்குப் போனார்கள். முதல் சிவந்த பழம் குஞ்சுகளுக்கு. அப்பா ஒரு பழத்தை மேலே எறிவான், குஞ்சுகள் எட்டிப் பிடிக்கும். பிடித்ததைத் தின்னலாம், தவறியது மரநாயாருக்கு! விளையாட்டுப் போலவே தவணைப் பழம் சேர்ந்தது. இப்போது மைவிழியின் மூக்கும் சுமந்ததால், தவணைக்கு மேலேயும் கொஞ்சம் சேர்ந்தது. மத்தியானம் ஓடையில் குளியல். சாயங்காலம் ஆலமரம். சில நாள் மழை பிடித்துக்கொண்டால் தவணைக்கு மேல் பழம் சேராது. அன்றைக்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

கடன் மளமளவென்று கரைந்தது. மரநாயாருக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் பட்டப்பகலிலேயே எழுந்து வந்தார்.

"பிள்ளைகள் வளருதே! மேலே இன்னொரு பொந்து இருக்கு. ரெண்டு வாசல்! அதையும் சேர்த்துக் கடனாத் தரட்டுமா?"

"ஒரு வாசலையே பூசி அடைச்சுக்கிட்டு உள்ளே இருக்கிறவங்க நாங்க!" என்றாள் மைவிழி. "ரெண்டு வாசலை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். இவர்களுக்கு மார்கழியிலேயே பிறந்துவிட்டது. கடைசி அத்திப்பழத்தைச் சின்னதே தூக்கிக்கொண்டு வந்து, பொந்து வாசலில் காத்திருந்த மரநாயாரின் முன்னே வைத்தது. மரநாயார் பழத்தை முகர்ந்தார். பொந்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

சின்னது தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"கொடுத்தாச்சே! இன்னும் போகலையா?"

நெடுமூக்கன்தான் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஆலமரம்வரை கேட்டது.

கடனைச் சீக்கிரம் அடைக்கிறவன் கெட்டிக்காரன்தான். ஆனால் யாருக்காக வீடு வாங்கினோமோ அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே அடைக்கிறவனுக்குத்தான் அது வீடு, மற்றவனுக்கு வெறும் பொந்து.