அயிரை மண்ணைக் கவ்விய கதை

அந்தக் காலத்தில் மீன்களுக்குப் பேச்சு இருந்தது. அயிரைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அப்போது அயிரை கண்மாயின் மேல்தண்ணீரில்தான் வாழ்ந்தது. கெண்டை அதற்கு மச்சான் முறை. இளவெயிலில் இரண்டும் அல்லி இலைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்தக் கண்மாயில் ஒரு வழக்கம் இருந்தது. பந்தயத்தில் தோற்றவர் எல்லாரும் கேட்க 'தோத்துட்டேன்' என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒரு சிரிப்போடு விஷயம் முடிந்துவிடும். சொல்லாதவருக்கு மேல்தண்ணீரில் இடமில்லை.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அந்த வெள்ளத்தை எதிர்த்து ஏறுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அயிரை ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தது. பந்தயமும் வைத்தார்கள். கெண்டை ஒரே துள்ளலில் மேலே போய்விட்டது. அயிரை பாதியில் வழுக்கி, நுரையோடு நுரையாக எல்லார் முன்னாலும் மல்லாந்து விழுந்தது.

"சொல்லிரு மாப்ள," என்றது கெண்டை. "ஒத்த வார்த்தைதான? சொல்லிட்டு வா, மேல போவோம்."

அயிரைக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வார்த்தையோ தொண்டை வரை வந்துவிட்டது. எங்கே வெளியே விழுந்துவிடுமோ என்று பயந்து, அடியில் பாய்ந்து வாய் நிறைய மண்ணைக் கவ்விக்கொண்டது.

தாமதமாக வந்த நண்டு, "பந்தயம் என்னாச்சுய்யா?" என்று கேட்டது.

"என்னத்தச் சொல்ல? அயிரை மண்ணக் கவ்விட்டாரு!" என்றது கெளுத்தி. கண்மாயே சிரித்தது. கரையில் போன மனிதர்கள் காதிலும் அந்தப் பேச்சு விழுந்தது.

கோடையில் கெண்டை தனியாக அடியில் இறங்கி வந்தது. "இங்க யாருமில்ல மாப்ள. எங்காதுல மட்டும் சொல்லு. நீ இல்லாம மேல ஒண்ணுமே ஓடல."

அயிரை மேலே மின்னிய வெயிலைப் பார்த்தது. போக வேண்டும் போல் ஏக்கமாக இருந்தது. மண்ணைத் துப்பி வாயைத் திறந்தது. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்ததும், இன்னொரு வாய் மண்ணை அள்ளிக்கொண்டது. கெண்டை தனியாகவே மேலே திரும்பிப் போய்விட்டது.

அன்று தொட்டுத்தான் அயிரை அடித்தண்ணீரில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. தேர்தலோ கபடியோ சீட்டாட்டமோ, தோற்றவரைப் பார்த்து, "மண்ணைக் கவ்விட்டான்" என்று நாமும் சிரிக்கிறோம். குழம்பு வைக்கிறவர்கள் அயிரையைப் பாலில் நீந்தவிட்டால் மண்ணையெல்லாம் கக்கிவிடும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அது இன்னும் கக்கவில்லை.