அரை முட்டை

"ஏனுங்க அம்மணி, எவ்வளவு இழைச்சாலும் இந்த எழுத்துக்கு வளைவே வரமாட்டேங்குதே?"

கேட்டவர் தவசீலன். வயசு ஐம்பது. இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகைக்குக் கொடி மாதிரி எழுத்து வரைந்த கை. நாமக்கல்லில் பல்கீஸிடம் கட்டம் கட்டமாக எழுத்து வரையப் பழக வந்திருந்தார்.

பல்கீஸுக்கு முப்பதுதான். ஆனால் பழைய வீடியோ கேமில் வருமே, சதுரம் சதுரமாக அடுக்கின தடித்த எழுத்து, அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பனியனோ பள்ளிக்கூட ஸ்கோர் போர்டோ, அவள் எழுத்து தூரத்திலிருந்தே கூப்பிடும்.

தவசீலனுக்குக் கிடைத்த முதல் வேலை, டவுன் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் காட்டும் விளக்குப் பலகை. சதுரத்தின் முனைகளைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு கூசியது. அதனால் ஓரமெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களை வைத்து நைசாக்கிவிட்டார். கம்ப்யூட்டரில் வெண்ணெய் மாதிரி இருந்தது.

பலகை விளக்குக்கு எரியத் தெரியும், அணையத் தெரியும், அவ்வளவுதான். சாம்பல் கட்டமும் சேர்ந்து பளிச்சென்று எரிந்ததில் எழுத்து அப்பிக்கொண்டது. மோகனூர் போக நின்ற சனம் பஸ்ஸை விட்டுவிட்டு முழித்தது.

நாளைக் காலையில் பஸ்காரர்கள் மறுபடி பார்ப்பார்கள். இந்தத் தடவையும் சொதப்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பல்கீஸ் மாடியறையிலிருந்து இறங்கி, கீழே செங்கோடனின் முட்டைக்கடைக்கு அவரைக் கூட்டிப்போனாள். காலி முட்டை அட்டை நான்கை வாசலில் ஒட்டிப் போட்டு, முட்டையாலேயே ஒரு 'அ' வைக்கச் சொன்னாள்.

தவசீலன் குந்தி உட்கார்ந்து அடுக்கினார். சுழி திரும்பும் இடத்தில் கை நின்றது. முட்டையை வைத்தால் துருத்துகிறது, எடுத்தால் பொக்கையாகிறது.

"இங்க ஒரு அரை முட்டை வேணுமுங்க."

பல்கீஸ் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "செங்கோடண்ணா, அண்ணனுக்கு ஒரு அரை முட்டை குடுங்க."

செங்கோடன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதென்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

துருத்திய முட்டையை எடுத்துத் தவசீலன் கையில் கொடுத்து, மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னாள் பல்கீஸ்.

படியேறும்போது அவருக்கு எரிச்சலாக வந்தது. இங்கே பிழைப்பே போகப்போகிறது, இவளுக்கு விளையாட்டு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்த்தார்.

கீழே 'அ' இருந்தது. சுழி அழகாக உருண்டு திரும்பியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் திரும்பியது. எடுத்த முட்டையோ அவர் கையிலேயே இருந்தது.

"அம்மணி, அந்த அரை முட்டையை யாருங்க வச்சது?"

பல்கீஸ் அண்ணாந்து பார்த்தாள்.

"கீழ யாரும் வைக்கலீங்களே."

தவசீலன் மாடியறைக்குள் போனார். முட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் சாம்பல் கட்டங்களை ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தார்.