கேமரா மேல் கிடந்த துண்டு

ஒரே ஒரு ஊரில், வாசலுக்கு வாசல் கண் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், வீடுகளுக்குக் கேமரா மாட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள். பேர் பியூலா. அவளிடம் தொழில் படிக்க வந்தவர் தங்கப்பழம். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இருபது வருஷம் ஒரு மில் வாசலில் காவலுக்கு நின்றவர். மில்லில் கேமரா மாட்டினார்கள், அவரைப் போகச் சொன்னார்கள். எது என்னை அனுப்பியதோ அதையே படிக்கிறேன் என்று வந்துவிட்டார்.

அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

பியூலாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவை மாட்டி, கோணம் பார்த்து, எல்லாம் முடிந்ததும் செல்போனை வீட்டுக்காரர் கையில் கொடுப்பாள். "பாஸ்வேர்டு நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். அவர்கள் போட்டு முடிக்கிற வரைக்கும் அசையமாட்டாள்.

"சுவத்துல என்ன சினிமாவா ஓடுது, டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டார் தங்கப்பழம்.

"நீங்களும் திரும்புங்க அண்ணாச்சி" என்றாள். 

அவர் முதன்முதலாகத் தனியாக மாட்டியது சண்முகக்கனி வீட்டில். கனிக்குத் தையல் கம்பெனியில் வேலை. வீட்டில் அவளும் அப்பா சங்கரலிங்கமும் மட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை இறங்கி எப்போது மயங்குவார் என்று சொல்ல முடியாது. வேலைக்கு நடுவில் அவரை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளத்தான் கேமரா.

"எனக்கு இதெல்லாம் வராது, நீங்களே போட்டுருங்க" என்றாள் கனி.

தங்கப்பழமே பாஸ்வேர்டு போட்டார். தன் செல்போனிலும் அந்த வீட்டை ஏற்றிக்கொண்டார். நாளைக்கு ஒரு பழுது என்றால் உதவும் என்று நினைத்தார்.

கேமரா மாட்டிய நாற்பதாம் நாள் மதியம் சங்கரலிங்கம் கூடத்தில் சாய்ந்து விழுந்தார். கனி தையல் மெஷினில் இருந்தாள். தங்கப்பழம் தன் செல்போனில் பார்த்துவிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. செருப்புகூடப் போடாமல் ஓடினார். கதவைத் தள்ளினார். ஜீனி டப்பாவை எடுத்துக் கிழவர் நாக்கில் தடவினார். கொஞ்ச நேரத்தில் கிழவர் கண் விழித்தார்.

மறுநாள் காலை பியூலா அவரைக் கூப்பிட்டாள்.

"கனி போன் பண்ணிச்சு. வரச் சொல்லுது."

"எனக்கு மாலை போடவா டீச்சர்?"

பியூலா ஏணியை எடுத்துக்கொண்டாள்.

கனி வீட்டுக் கூடத்தில் கேமரா மேல் ஒரு துண்டு கிடந்தது.

"வாரும்வே, மகராசன்!" என்றார் கட்டிலில் கிடந்த சங்கரலிங்கம். கனி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க இல்லைன்னா இன்னைக்கு அப்பா இல்லை அண்ணாச்சி. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"அட, இருக்கட்டும்மா."

"ஒண்ணு கேக்கணும்." கனி தரையைப் பார்த்தாள். "அப்பா எடுத்துத் தின்னுருவாங்கன்னு ஜீனி டப்பாவை டி.வி.க்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். அப்பாவுக்கே தெரியாது. நீங்க நேரா அங்க கையை விட்டு எடுத்தீங்களாமே, அப்பா அரைக்கண்ணுல பாத்திருக்காங்க."

"மாசக்கணக்கா நான் தேடுத டப்பா வே அது!" என்று சிரித்தார் கிழவர்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பழத்தின் கையில் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றாள் கனி. "துண்டை எடுக்கவும் பயமா இருக்கு. எடுக்காம இவங்களைத் தனியா விட்டுட்டுப் போகவும் பயமா இருக்கு."

பியூலா கையை நீட்டினாள். தங்கப்பழம் தன் செல்போனைக் கொடுத்தார். அவள் அதைக் கனியிடம் கொடுத்தாள்.

"இதுல உன் வீடு இருக்கு. நீயே அழி."

கனி அழித்தாள். பியூலா ஏணியில் ஏறி, துண்டுக்கு அடியில் கையை விட்டு, கேமராவின் சின்னத் துளையில் ஊசியை அழுத்திப் பிடித்தாள்.

"பழைய பாஸ்வேர்டு போச்சு. இப்ப இதுக்கு யாரையும் தெரியாது. உன் போன்ல புதுசா ஏத்து. பாஸ்வேர்டு போடு."

"எனக்கு வராதே அக்கா."

"வரும். ஒவ்வொரு எழுத்தா போடு. நாங்க நிக்கோம்."

பியூலா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தங்கப்பழமும் திரும்பினார். சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பேரைப் போடு தாயி" என்றது கிழவர் குரல்.

"உங்க பேரு ஊருக்கே தெரியும். சும்மா கிடங்க" என்றாள் கனி.

இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாம் தடவை சரியாக ஏறியது; கனி பெருமூச்சு விட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

அவர்கள் திரும்பியபோது துண்டு கனியின் தோளில் இருந்தது.

தெருவுக்கு வந்ததும் தங்கப்பழம் நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்?"

"கேளுங்க."

"அந்தப் பிள்ளையை நான் தப்பா பாத்ததே இல்லை. சத்தியமா. காவக்காரன் கண்ணு, சும்மா இருக்காது. நான் பாக்கலைன்னா அவர் செத்திருப்பாரு. அப்ப நான் பாத்தது தப்பா?"

பியூலா ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அவர் விழுந்தது ஒரு நாள், அண்ணாச்சி. மிச்சம் முப்பத்தொம்பது நாளும் யாரைப் பாத்தீங்க?"

சொல்லிவிட்டு நடந்தாள்.

தங்கப்பழம் அந்த வீட்டு மதில் பக்கமாகத் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு, அவள் போன வழியே போனார்.