மாடத்தைப் பார்த்த திடல்

முன்னொரு காலத்தில், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தால்தான் தொண்டையில் மோர் இறங்கும் என்றிருந்த அரசர் ஒருவர் இருந்தார். அதற்காகவே அரண்மனைப் பள்ளிக்கூடத்தின் திடலைத் தம் மாடத்துக்கு எதிரே அமைக்கச் சொன்னார். அமைத்தவர் அமைச்சர் மழவராயர். ஊஞ்சல், சறுக்குமரம், ஓடும் இடம் எல்லாம் அரசரைப் பார்த்தபடி ஒரே வரிசையில் நின்றன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என்ன, இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள்.

மழவராயருக்கு இதில் பெரிய வருத்தமில்லை. அந்த இடத்தில் மல்லிகைத் தோட்டம் போட அவருக்கு வெகுநாள் ஆசை. திடலை மூடிவிடலாம் என்றார். அவையில் வேண்டாமென்றவன் விகடகவி சேந்தன் மட்டும்தான். அவன்மேல் ஏற்கெனவே அவருக்கு எரிச்சல்.

"அப்படியானால் சேந்தனே சரிசெய்யட்டும், மன்னா. நாளை இடைவேளையில் திடலில் ஒருவரும் விழக் கூடாது. அங்கே ஒரு கல்லைக்கூட இவன் நகர்த்தவும் கூடாது. தவறினால் தோட்டம் போடுவோம். செடிகளுக்கு இவன் தண்ணீர் ஊற்றட்டும்."

அரசர் தலையாட்டிவிட்டார்.

சேந்தன் திடலுக்குப் போனான். ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் அத்தனை பேரும் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தார்கள். முட்டியை ஊதியபடி உட்கார்ந்திருந்த பொன்னாச்சி என்ற சிறுமியிடம் காரணம் கேட்டான்.

"ராசா மேல இருக்காருல்ல? அவருக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்காரு. நீங்களும் திரும்பி நிக்காதீங்கண்ணே, அடி விழும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூடிட்டா நாங்க எங்க போய் ஓடுறது?" என்றாள்.

மறுநாள் மணியடிக்கும் முன்பே சேந்தன் மாடத்துக்குப் போய் அரசரின் ஆசனத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, அதன் முன் ஓர் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தினான். அரசரைச் சுவரைப் பார்க்க உட்காரவைப்பதா என்று மழவராயர் கொதித்தார்.

"திடலில் நான் எதையும் தொடவில்லை, அமைச்சரே. மாடத்தைத் தொடக் கூடாதென்று தாங்கள் சொல்லவில்லை."

அரசர் உட்கார்ந்தார். மணி அடித்தது. அரசரின் முதுகைக் கண்டு பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். முதலில் பொன்னாச்சி திரும்பினாள். அவ்வளவுதான், எல்லாரும் முகம் பார்த்த திசையிலேயே ஓட ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்குள் அதைப் பார்த்த அரசர் மோரை மறந்தார். இடைவேளை முடியும்வரை ஒருவரும் விழவில்லை.

மழவராயர் முகம் கறுக்க விடைபெற்றார். அரசருக்கு முதுகு காட்டாமல் மரியாதையாகப் பின்னோக்கி நடந்தவர், மோர்ப் பானையில் போய் உட்கார்ந்தார்.

அரசர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஆடியது. "சேந்தா, ஒருவர் விழுந்துவிட்டாரே!"

"மாடத்தில் விழுந்தார், மன்னா. என் பொறுப்பு திடல் மட்டும்."

அரசர் தம் முத்துமாலையை அவனுக்குப் போட்டு, திடலையும் அவன் விருப்பப்படியே மாற்றச் சொன்னார். ஊஞ்சல்கள் ஓரத்துக்குப் போயின. சறுக்குமரத்தின் கீழே ஆற்றுமணல் வந்தது. சின்னஞ்சிறுசுகளுக்குப் புங்கமர நிழல். நடுவில் ஓட வெட்டவெளி.

மழவராயருக்கும் ஒரு சலுகை கிடைத்தது. அன்று முதல் மாடத்தில் அவர் நேராக நடக்கலாம்.