இரு முனையிலும் ப்ளக்

கோகிலவாணியிடம் வேலை கற்றுக்கொள்ள மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருமே அவளைவிட மூத்தவர்கள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மூவரில் பெரியவரான சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

அவள் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்தவள். இப்போது வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு மிக்சி, ரேடியோ, எமர்ஜென்சி விளக்கு என்று பழுது பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேசை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு. வருகிறவர் தன் வீட்டிலிருந்து கெட்டுப்போன சாமான் ஒன்றைக் கொண்டுவந்தால் போதும்.

ஓய்வு பெற்ற மனிதர் கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் அந்த வீட்டில் எதுவும் மூடியோடு இருக்காது. சென்னியப்பன் முதல் மாதம் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். அடுத்த மாதம், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்துகிற மணி ஒன்றைச் செய்தார். அது நிறையாதபோதும் கத்தியது. அவர் மனைவி அதன் வாயில் பஞ்சை அடைத்துவிட்டாள். ஆனாலும் அவர் விடவில்லை.

கோகிலவாணியின் மேசைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. எதைத் திறப்பதானாலும் அதன் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மேசைமேல், வேலை செய்கிறவர் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

"சுவிட்ச ஆஃப் பண்ணுனாப் போதாதுங்களா அம்மணி?" என்று முதல் நாளே கேட்டார் சென்னியப்பன்.

"சுவிட்ச் நம்ம முதுகுக்குப் பின்னால இருக்குதுங்கண்ணா. யாரு வேணாப் போடலாம். ப்ளக்கு கண்ணு முன்னால இருந்தா நாமளே பார்த்துக்கலாம்."

அவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் அவர் சொந்தமாக ஓர் இன்வெர்ட்டர் செய்துவிட்டார். பழைய லாரி பேட்டரி ஒன்று. காயில் அவரே கட்டியது. எல்லாவற்றையும் மனைவிக்குச் சீராக வந்த தகரப் பெட்டிக்குள் அடக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கோகிலவாணி அரை மணி நேரம் மீட்டர் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்கண்ணா," என்றாள்.

முப்பத்தைந்து வருடத்தில் எந்த அதிகாரியும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மகிழ்ச்சியிலேயே பையிலிருந்து ஒரு வயரை எடுத்துக் காட்டினார். நான்கு கஜ நீளம். இரண்டு முனையிலும் ப்ளக் இருந்தது.

"இதென்னங்கண்ணா?"

"வீடு பூராவும் தனி வயர் இழுக்கோணும்னாச் செவுத்த ஒடைக்கோணுமுங்க. இதுக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு முனைய இன்வெர்ட்டர்ல செருகுனா, இன்னொண்ண ஹால்ல இருக்கற ப்ளக் பாயிண்ட்ல செருகிறலாம். வீடு பூராவும் கரண்ட் வந்துரும்."

"மெயினு?"

"மெயின எறக்கிப்போட்டுத்தான் செருகுவனுங்க. இல்லீன்னா நம்ம கரண்ட் தெருக் கம்பிக்கல்ல போயிரும்."

"மறந்துட்டீங்கன்னா?"

"ஒரு நாளும் தபால் பெட்டியப் பூட்ட மறந்ததில்லீங்க நானு."

கோகிலவாணி வயரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எந்த முனைய மேசைமேல வெப்பீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டையுந்தான்," என்று சென்னியப்பன் சிரித்தார்.

அவளும் சிரித்துவிட்டாள். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"ஒரு சேஞ்சோவர் சுவிட்ச் போட்டுருங்கண்ணா. இந்தப் பக்கம் திருப்புனா அந்தப் பக்கம் தானா அறுந்துரும். நாம மறந்தாலும் அது மறக்காது."

"போட்டர்றனுங்க."

அடுத்த ஞாயிறு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. அவரும் போடவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த ஊரில் ஓடு, தகரம் என்று எதையும் விட்டுவைக்காது. ஒரு நாள் மதியம் சென்னியப்பனின் தெருவில் வேப்பங்கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்தது. அறுந்தது தெருவின் கடைசிக் கம்பத்துக்கு முன்னால். அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் அவர் வீடும், பூட்டிக் கிடந்த இன்னொரு வீடும் மட்டும்தான்.

அன்றைக்கு அவருடைய மைத்துனன் வந்திருந்தான். 'தபால்காரனுக்கு எதுக்குக் கரண்ட் வேலை' என்று எப்போதும் கேலி பேசுகிறவன். கரண்ட் போனதும் சென்னியப்பனுக்குக் கையும் காலும் ஓடவில்லை. மைத்துனனை ஹாலில் உட்காரவைத்து, அவன் கண் முன்னாலேயே வயரைச் செருகினார். மின்விசிறி சுற்றியது. எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. மைத்துனன் எழுந்து அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

சற்று நேரத்தில் லைன்மேன் நாச்சிமுத்து ஏணியோடு வந்தார். அவருடைய கூட்டாளி தண்டபாணி ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்க டிரான்ஸ்ஃபார்மருக்குப் போயிருந்தார். மூன்று கட்டையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "லைன் ஆஃப், ஏறிக்கோ" என்று போனில் சொன்னார்.

நாச்சிமுத்து ஏணியைச் சாத்தினார். வாசலில் நின்ற சென்னியப்பனைப் பார்த்து, "அரை மணி நேரத்துல குடுத்தர்றனுங்கண்ணா," என்றார்.

"மெதுவாவே குடுப்பா. எங்க வீட்டுல இருக்குது."

நாச்சிமுத்து ஜன்னல் வழியாக விசிறியைப் பார்த்தார். "இன்வெர்ட்டருங்களா? நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

சென்னியப்பன் உள்ளே வந்து உட்கார்ந்தார். மைத்துனன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. தெருவில் யாரோ கத்திய பிறகுதான் இருவரும் வெளியே ஓடினார்கள். நாச்சிமுத்து கீழே விழவில்லை. இடுப்புக் கயிறு அவரைப் பிடித்து வைத்திருந்தது.

தண்ணீர் எடுக்க உள்ளே வந்த சென்னியப்பன் மெயின் சுவிட்சைப் பார்த்தார். அது இறக்கப்படாமல் மேலேயே இருந்தது.

அவர் வயரைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதைக் குடிக்க வேண்டியவர் குடிக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் தண்டபாணியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கட்டை மூன்றும் உன் கையில் இருந்தால் கரண்ட் எங்கிருந்து வந்தது? ஆள் செத்த பிறகு பிடுங்கிவிட்டு நடிக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். வேலை போயிற்று. போலீஸ் அழைத்துப் போய் சப் ஜெயிலில் வைத்தது.

மைத்துனனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது சென்னியப்பன் காதருகே வந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மச்சான். வாயத் தொறக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் வகுப்புக்கு வரவில்லை. நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். கையில் துணிப்பை. கோகிலவாணி ஒரு மிக்சியைத் திறந்து வைத்திருந்தாள். அதன் ப்ளக் அவள் கண் முன்னால் மேசைமேல் கிடந்தது.

"உக்காருங்கண்ணா."

அவர் உட்காரவில்லை. "அந்தப் பொட்டியப் பிரிச்சுப்போட்டனுங்க அம்மணி. பேட்டரிய எடைக்குப் போட்டாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இத எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னு தெரியிலீங்க."

பையிலிருந்து வயரை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. வயரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

"மெயினு?" என்று கேட்டாள்.

"எறக்குலீங்க."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"தண்டபாணி?"

"அவரே ஒத்துக்கிட்டாருங்களாமா. பாக்கப்போன பொண்டாட்டிகிட்ட, 'கட்டையப் புடுங்குனாப்பலதான் நெனப்பு இருக்குது, ஆனாப் புடுங்கியிருக்கமாட்டனாட்ட இருக்குது, இல்லீன்னா நாச்சிமுத்து எப்படிச் சாவான்'னு சொல்லியிருக்கறாரு. அதையே எழுதிக் குடுக்கப்போறாராமா. கேசு முடிஞ்சுருமுங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அது அவர் காதிலேயே விழுந்தது. தன்னை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தொடர்ந்து பேசினார்.

"இனி ஒரு திருகாணியக்கூடத் தொடமாட்டன். மாரியாத்தா மேல சத்தியமுங்க. அது போதாதுங்களா அம்மணி?"

கோகிலவாணி எழுந்தாள். அவர் கையிலிருந்து வயரை வாங்கினாள். ஒரு முனையை அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த பாயிண்ட்டில் செருகினாள். மறு முனையைக் கொண்டுவந்து, பித்தளைக் கால்கள் மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தாள்.

"சுவிட்ச் ஆஃப்ல இருக்குதுங்கண்ணா. புடிங்க."

அவர் திரும்பிச் சுவரைப் பார்க்கப் போனார்.

"திரும்பாதீங்க. நாந்தான் சொல்றனல்லங்க."

சென்னியப்பன் கையை நீட்டினார். ப்ளக்குக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது.

"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. கையி போகமாட்டீங்குது."

"நாச்சிமுத்துக்குப் போச்சுதுங்க," என்றாள் அவள். "தண்டபாணி சொன்னாருன்னு போச்சுது. தண்டபாணி சொன்னது நெசமுங்க."

அவர் கையை இழுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோகிலவாணி மேசையில் இருந்த முனையைத் தன் கைக்குள் எடுத்தாள். பித்தளைக் கால்கள் உள்ளங்கையில் படும்படி விரல்களை மூடிக்கொண்டாள்.

"இப்ப நான் புடிச்சிருக்கறன். நீங்க சுவிட்சுகிட்டப் போய் நில்லுங்க."

"அம்மணி, விட்டுருங்க."

"போய் நில்லுங்கண்ணா."

அவர் சுவரருகே போனார். சுவிட்ச் அவள் சொன்னபடி அணைந்துதான் இருந்தது. அதை அவர் இருமுறை பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்துப் போனது. அந்தச் சத்தத்துக்கே அவர் உடம்பு தூக்கிப் போட்டது.

அவரால் அங்கே நிற்க முடியவில்லை. குனிந்து ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதை இரண்டு கையாலும் பிடித்தபடி நடந்துவந்து, மேசைமேல், அவள் கண்ணுக்கு முன்னால் வைத்தார். அவள் தன் கையைத் திறந்து தன் முனையையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு முனையும் இப்போது மேசைமேல் இருந்தன. இருவரும் சிரிக்கவில்லை.

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை. மிக்சியை மூடி மூலையில் வைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வயரைச் சுருட்டித் துணிப்பையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

அவர் எழுந்து பையை வாங்கிக்கொண்டார். எங்கே என்று கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டுவதைப் பார்த்ததும் மட்டும் அவருக்குத் திகைப்பாக இருந்தது.

"நீங்க எதுக்குங்க அம்மணி? உங்க பேரு இதுல வரவே வராதுங்க."

"அன்னிக்கு நானும் சிரிச்சனல்லங்க."

இருவரும் படியிறங்கினார்கள். பத்தடி நடந்திருப்பார்கள். அவர் கால் நின்றுவிட்டது. பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் போய்ச் சொல்லிப்போட்டா, செத்துப்போன நாச்சிமுத்து எந்திரிச்சு வந்துருவாருங்களா அம்மணி?"

கோகிலவாணி நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்:

"வரமாட்டாருங்கண்ணா. தண்டபாணி வருவாரு."