யூனுஸ் எடுத்த கல்யாணம்

"எல்லாம் கெட்டுப் போச்சு, உஸ்தாதா."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே யூனுஸ் சொல்லிவிட்டார். சட்டையெல்லாம் மிட்டாய்த் தாள்.

பாக்தாத்தில் ஆசிரியையை உஸ்தாதா என்பார்கள். நாஹிதா யூனுஸைவிட வயதில் இளையவர்தான். ஆனால் சினிமாவில் அவருக்கு குரு. போர்களுக்கு நடுவே படம் எடுத்தவர். பொருளாதாரத் தடைக்காலத்தில் நல்ல பிலிம் நாட்டுக்குள் வராதபோது, காலாவதியான பிலிமை வைத்துக்கொண்டும் எடுத்தவர். சும்மா இருக்கத் தெரியாத பெண்மணி. அன்றும் எடிட்டிங் மேஜையில் கத்தரியும் கையுமாக இருந்தார்.

யூனுஸோ கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்த மனுஷர். இதுதான் முதல் படம், அன்று எடுத்தது கடைசிக் காட்சி. யார் யார் காலையோ பிடித்து பக்கத்து நாட்டு அம்மான் நகரத்திலிருந்து வரவழைத்த பிலிமில் ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

"காட்சியைச் சொல்லுங்க."

போரில் வெறிச்சோடிப்போன தெரு. கல்யாணப் பெண்ணை வழியனுப்ப ஒரு நாதி இல்லை. மாப்பிள்ளை வீட்டு மேளம் மட்டும் ஒலிக்க, அவள் தனியாகக் காரில் ஏறிப் போகிறாள். இதற்கென்று தம் தெருவையே தேர்ந்தெடுத்திருந்தார் யூனுஸ்.

கேமரா ஓடத் தொடங்க, மேளத்தில் முதல் அடி விழுந்தது. அவ்வளவுதான். அந்த ஊரில் கல்யாண மேளம் கேட்டால், யார் வீட்டுக் கல்யாணம் என்று எவரும் விசாரிப்பதில்லை. அத்தனை கதவும் திறந்தது. குலவை, கைதட்டல், கார் ஹாரன், மாடிகளிலிருந்து மிட்டாய் மழை. அங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

"சினிமான்னு சொல்லலையா?"

"முந்தின நாளே வீடு வீடா ஏறிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. இன்னிக்குத் தொண்டை கிழியக் கத்துறேன், எதிர்வீட்டு உம்மு கரீம் என் வாயில மிட்டாயைத் திணிச்சு, 'சினிமாவோ என்னவோ, பொண்ணு பொண்ணுதானே'ன்னு ஆடப் போயிட்டாங்க."

நாஹிதா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"கேமரா?"

"பிலிம் தீர்ற வரைக்கும் ஓடிச்சு. நிறுத்த வேண்டிய கேமராமேனும் ஆடப் போயிட்டார்."

இத்தனை வருஷக் கனவை ஒரு தெருவே சேர்ந்து மிதித்துவிட்டதே, இனி எந்த முகத்தோடு படம் எடுப்பது என்று யூனுஸ் புலம்பித் தீர்த்தார்.

"நடிச்ச பொண்ணு என்ன செஞ்சா?"

"அவளா? உம்மு கரீம் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறா, சிரிக்கிறா, மறுபடி அழறா. கார்ல ஏறவே மாட்டேங்கிறா."

நாஹிதா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

இரண்டு தெரு தள்ளி மேளம் இன்னும் ஓயவில்லை.

அவர் கத்தரியை வைத்தார். கண்ணாடியில் முகம் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டார். செருப்பை மாட்டினார்.

"கிளம்புங்க. நாம மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

யூனுஸ் ஜன்னலருகே போய் மேளத்தைக் கேட்டார்.

"பொண்ணு வீடு" என்றார். குருவுக்கு முன்னால் படியிறங்கி ஓடினார்.