சடையன் உட்கார்ந்திருக்கிறான்

வாகைநத்தத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது வெறும் பொறாமை. மூளை இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசி அடைமழையில் அந்த ஊர் ஏரி நிரம்பித் தளும்பி, கரையில் ஓர் ஓட்டை விழுந்தது. கீழே வீடுகளும் வயல்களும். நாட்டாமை உடையப்பர் ஊரைக் கூட்டி, மண் வெட்டிப் போட்டு ஓட்டையை அடைக்கச் சொன்னார். மண்ணுக்கு எங்கே போவது என்று திகைத்தவர்களுக்குக் கரையே கண்ணில் பட்டது. அதில் வேண்டிய மட்டும் மண் இருந்தது. வெட்டினார்கள், அடைத்தார்கள். வெட்டிய இடத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை விழுந்தது.

"சொன்ன ஓட்டையை அடைச்சாச்சு. இது வேற ஓட்டை. இதுக்குத் தனியாத்தான் யோசிக்கணும்," என்றார் உடையப்பர்.

யோசிப்பதென்றால் நேரமாகும் என்று சங்கிலிமுத்துவுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற தங்கச்சி புருஷன் சடையனுக்குக் கால் வலிக்குமே என்று இரக்கப்பட்டான். "மாப்ளே, எதுக்கு நிக்கிறே? உட்காரு," என்றான். சடையன் மச்சான் பேச்சைத் தட்டாதவன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். நின்ற இடம் ஓட்டை. ஊரிலேயே பருத்த ஆள் அவன்தான் என்பதால் கச்சிதமாகப் பொருந்தினான். தண்ணீர் நின்றுவிட்டது.

ஊரே கைதட்டியது. சடையன் எழுந்து வணக்கம் சொல்லப் போனான். நாலு பேர் பாய்ந்து தோளை அமுக்கினார்கள்.

சங்கிலிமுத்துவின் தங்கச்சி பேச்சி அழுதுகொண்டே ஓடி வந்தாள். "அண்ணே, நீதானே உட்காரச் சொன்னே! அவரு எந்திரிச்சா ஊரு போச்சு. எந்திரிக்காட்டி ஊறியே செத்துருவாரு. ராஜாகிட்டப் போயி ஆளு அம்பு கூட்டிட்டு வந்து கரையை அடை. இல்லேன்னா என் வாசப்படி மிதிக்காதே!"

சங்கிலிமுத்துவுக்கு இருப்பது ஒரே தங்கச்சி, அவளுக்கு இருப்பதும் ஒரே புருஷன். உடையப்பரையும், ஒரு தடவை சந்தைக்குப் போய் வந்ததால் விவரம் தெரிந்தவன் என்று பெயரெடுத்த வைரவனையும் இழுத்துக்கொண்டு தலைநகருக்கு ஓடினான்.

அரண்மனை வாசலில் காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"மனு கொடுக்க வந்தீங்களா? சுருக்கமாச் சொல்லணும். ராஜாவுக்குத் தெரிஞ்சதைத் திரும்பச் சொல்லவே கூடாது. போன வாரம் ஒருத்தன் தன் பாட்டனார் பொறந்ததுல ஆரம்பிச்சான். ராஜா தூங்கி, சிம்மாசனத்துலேருந்து விழுந்து, இப்போ இடுப்புல பத்து போட்டிருக்காரு."

மூவரும் அரச மரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"எங்க ஊர் ஏரிக்கரை உடைஞ்சு, சடையன் அந்த ஓட்டையில உட்கார்ந்திருக்கிறான், அவன் எந்திரிச்சா ஊரு முழுகிடும், உடனே ஆளு அனுப்புங்க. இதுதானே சேதி?" என்றான் சங்கிலிமுத்து.

உண்மையில் அது நல்ல மனு. அப்படியே உள்ளே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எங்க ஊரா?" என்று வைரவன் உதட்டைப் பிதுக்கினான். "நம்மளைப் பார்த்தாலே எந்த ஊருன்னு தெரியாதா? எடு அதை."

"ஏரி அவரு தாத்தா வெட்டினது. அவருக்கே ஏரியைப் பத்திச் சொல்றதா?" என்றார் உடையப்பர்.

"ஏரி போச்சுன்னா கரை எதுக்கு? ஏரி இல்லாத கரை உண்டா?"

"கரையே இல்லை, அப்புறம் எப்படி உடையும்? ஓட்டை எங்கேருந்து வரும்?"

"தண்ணி வந்தா ஊரு முழுகும்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதைச் சொன்னா ராஜாவைக் குழந்தையைவிட மட்டமா நினைக்கிறோம்னு ஆயிடும். தலை போயிரும்," என்று வைரவன் கழுத்தைத் தடவினான்.

"உடனே ஆளு அனுப்புங்கன்னு சொல்றது?" என்று கேட்டான் சங்கிலிமுத்து.

"ஆளு அனுப்புறதுதான் ராஜாவோட வேலை. அவரு வேலையை அவருக்கே நாம சொல்லித் தரணுமா?" என்றார் உடையப்பர்.

மிச்சம் இருந்தது சடையன். வைரவன் அவனையும் எடுக்கப் பார்த்தான். சங்கிலிமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். "ஏரியை எடுத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். கரையை எடுத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். என் மாப்பிள்ளை மேல கை வெச்சா நடக்கிறதே வேற! அவன் உட்கார்ந்திருக்கிறது ராஜாவுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல?"

தெரியாதுதான். நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சங்கிலிமுத்துவுக்குத் தங்கச்சி குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

உள்ளே ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கள்," என்றார்.

சங்கிலிமுத்து கைகூப்பினான். "சடையன் உட்கார்ந்திருக்கிறான்."

ராஜா காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. தம் ஆயுளில் இவ்வளவு சின்ன மனுவை அவர் கேட்டதே இல்லை. உட்கார அனுமதி கேட்டு ஆளனுப்புகிற குடிமகனின் பணிவை நினைத்து அவர் கண் கலங்கியது.

"தாராளமாக உட்காரட்டும்," என்றார். சபை வாழ்த்தியது.

திரும்பும் வழியில் சங்கிலிமுத்துவுக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம். "நாட்டாமை, ஆளு ஒருத்தரும் நம்ம பின்னால வரலையே?"

"ஆளு எதுக்குடா? உத்தரவே வாங்கியாச்சு. ராஜ உத்தரவை மீறி ஒரு பொட்டுத் தண்ணி வந்துருமா?"

ஏரிக்கரையில் பேச்சி புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சடையன் முகம் வெளிறி, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அண்ணனைப் பார்த்ததும் அவள் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உடையப்பர் தொண்டையைக் கனைத்து, ஊரே கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"சடையனுக்கு ராஜ உத்தரவு!"

ராஜ உத்தரவை உட்கார்ந்துகொண்டா கேட்பது? சடையன் மரியாதை தெரிந்தவன். சட்டென்று எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, கைகூப்பி நின்றான்.

உட்காரட்டும் என்ற உத்தரவை அவன் காதில் வாங்கினானா என்று யாருக்கும் தெரியாது. ஏரி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஊரார் கோயில் குன்றின்மேல் ஏறித் தப்பினார்கள். கீழே கூரைகள் மட்டும் தெரிந்தன. சடையன் தூரத்தில் ஒரு புளியமரத்தில் சிக்கி, கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். புருஷன் உயிரோடு இருப்பதைப் பார்த்த பேச்சி, அதற்கப்புறம் நிம்மதியாக அண்ணனைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏசாதே தாயி. மறுபடி ராஜாகிட்டப் போறேன்," என்றான் சங்கிலிமுத்து. மூவரும் அங்கேயே உட்கார்ந்து மனுவைத் தயார் செய்தார்கள்.

"வெள்ளத்தைப் பத்தி?"

"தண்ணி அவரு ஊருப் பக்கந்தான் போகுது. நாம போறதுக்குள்ள அவருக்கே தெரிஞ்சிரும்."

"அப்போ, சடையன் எந்திரிச்சுட்டான்னு சொல்லுவோம்."

"சடையன் யாருன்னு ராஜாவுக்குத் தெரியுமே. பேரு வேண்டாம். எந்திரிச்சுட்டான்னா போதும்," என்றான் வைரவன்.

ராஜாவுக்கே அறிமுகமான மாப்பிள்ளை என்ற பெருமையில் சங்கிலிமுத்து இந்தத் தடவை மறுத்துப் பேசவில்லை. அந்த நேரம் பார்த்துப் புளியமரத்திலிருந்து குரல் வந்தது.

"மச்சான்! கால் வலிக்குது! கிளையில உட்கார்ந்துட்டேன்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் உட்கார்ந்திருக்கிறது ராஜாவுக்கு ஏற்கெனவே தெரியும்," என்றார் உடையப்பர் மெதுவாக.

வைரவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ராஜாவுக்குத் தெரியாதது என்று ஒன்றுகூட மிச்சமில்லை. இவ்வளவு சுருக்கமான மனுவை அந்த ஊர் அதுவரை தயார் செய்ததே இல்லை. வழியில் ஒரு சொல்கூட ஒட்டிக்கொள்ளாதபடி வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, அதை ராஜாவிடம் ஒப்படைக்க மூவரும் குன்றின் மறுபக்கமாக வேகமாக இறங்கினார்கள்.